நாசா வாங்கும் நிலவுச் சரக்குச் சேவை: ஒரு மதிப்புரை

2018 நவம்பர் இறுதியில் நாசா ஒன்பது அமெரிக்க நிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டது. நிலவுக்கு ஆய்வுக்கருவிகளை அனுப்புவதற்கு இனி ஒவ்வொரு முறையும் தானே லேண்டர் கட்டப்போவதில்லை என்றும், கருவியை ஒப்படைத்துக் கட்டணம் செலுத்தினால் ராக்கெட்டை ஏற்பாடு செய்வது முதல் நிலவில் இறக்கி மின்சாரமும் தகவல்தொடர்பும் தருவது வரை அனைத்தையும் அந்த நிறுவனங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அறிவித்தது. அடுத்த ஆண்டு மேலும் ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து பட்டியல் பதினான்காக உயர்ந்தது. 2028 வரை இதற்குச் செலவிடக்கூடிய உச்சவரம்பு 260 கோடி டாலர். நிலவுக்கான வணிகச் சரக்குச் சேவை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் சி.எல்.பி.எஸ். என்று குறிக்கப்படும் இந்த ஏற்பாடு, பார்சல் சர்வீஸ் அலுவலகத்தில் மூட்டையை ஏற்றிவிட்டு ரசீதோடு வீடு திரும்புவதைப் போன்றது. வண்டி யாருடையது, ஓட்டுநர் யார், எந்த வழியாகப் போகிறது என்பவை அனுப்புபவரின் பொறுப்பில் இல்லை. ஒரே ஒரு வேறுபாடு, வண்டி ஊர் போய்ச் சேராமல் போகலாம் என்பதை அனுப்புபவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அந்த ஒப்புதல் வாய்மொழியாக மட்டும் இருக்கவில்லை. அப்போது நாசாவின் அறிவியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த தாமஸ் சுர்புக்கன், தொடக்கப் பயணங்களில் பாதிக்குப் பாதி தோற்கக்கூடும் என்பதை மறைக்காமல் சொல்லித்தான் திட்டத்தைத் தொடங்கினார். 2025 மார்ச் மாதத்துக்குள் நான்கு பயணங்கள் நடந்து முடிந்தன. ஒன்று நிலவை அடையவில்லை, இரண்டு இறங்கிச் சாய்ந்தன, ஒன்று நிமிர்ந்து நின்று எடுத்த வேலையை முடித்தது. நான்கையும் வெற்றி, தோல்வி என்று எண்ணி முடித்துவிடாமல், பணம் கொடுத்து வாங்கப்பட்ட ஒரு சேவையாக வைத்து எடைபோட வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். எங்கே சிக்கனம் பிடித்தார்கள், எங்கே பிடித்திருக்கக் கூடாது என்பதைப் பார்த்தால்தான் இந்தச் சேவையின் தரம் புரியும்.

ஆளில்லா விண்பயணத்தை மலிவாகச் செய்ய வேண்டும் என்ற ஆசைக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. 1992இல் நாசாவின் தலைமைப் பொறுப்பை ஏற்ற டேனியல் கோல்டின், வேகமாகவும் மேலும் சிறப்பாகவும் மலிவாகவும் செய்ய வேண்டும் என்ற முழக்கத்தை முன்வைத்தார். அதன் முதல் பெரும் பலன் 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய மார்ஸ் பாத்ஃபைண்டர். 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் அந்தக் காலப் பண மதிப்பிலேயே ஏறத்தாழ 100 கோடி டாலரை எடுத்துக்கொண்டன. பாத்ஃபைண்டரோ ராக்கெட் செலவையும் சேர்த்து ஏறத்தாழ 26.5 கோடி டாலரில் முடிந்தது. சுற்றுக்கலம் கிடையாது. பூமியிலிருந்து வந்த வேகத்திலேயே வளிமண்டலத்துக்குள் நுழைந்து, காற்றுப்பைகளால் சூழப்பட்டுத் தரையில் மோதித் துள்ளி நின்றது. ஏழு நாள் உழைக்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்ட சோஜர்னர் ரோவர் 83 செவ்வாய் நாள்கள் உழைத்தது. மறு ஆண்டு சென்ற லூனார் பிராஸ்பெக்டர் இன்னும் எளியது. சுழன்றுகொண்டே நிலவைச் சுற்றிய அந்த உருளை, சுமார் 6.3 கோடி டாலர் செலவில் நிலவின் துருவங்களில் ஹைட்ரஜன் செறிந்திருப்பதைக் கண்டது. அங்கே உறைபனி இருக்கலாம் என்ற நம்பிக்கை வலுப்பெற அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

பாத்ஃபைண்டரின் மலிவைப் பற்றிப் பேசுபவர்கள் அதன் காற்றுப்பைச் சோதனைகளை மறந்துவிடுகிறார்கள். ஓஹையோ மாநிலத்தில் நாசாவுக்குச் சொந்தமான மாபெரும் வெற்றிட அறையில், பாறைகள் பொருத்திய சாய்தளத்தின் மீது அந்தப் பைகளை வீசிப் பார்த்தார்கள். பைகள் கிழிந்தன. துணியின் அடுக்குகளைக் கூட்டி மறுபடியும் வீசினார்கள், மறுபடியும் கிழிந்தன, தாங்கும் வரை திருத்திக்கொண்டே இருந்தார்கள். குறிக்கோளைச் சுருக்கி, குழுவைச் சுருக்கி, கருவிகளைச் சுருக்கி மிச்சப்படுத்திய பணத்தின் ஒரு பகுதி இந்தச் சோதனைகளுக்குப் போனது.

1999இல் அதே முழக்கத்தின் மறுபக்கம் தெரிந்தது. செவ்வாய் வானிலைச் சுற்றுக்கலமும் செவ்வாய்த் துருவ லேண்டரும் சேர்ந்து 32.76 கோடி டாலர் திட்டம். அளவை அலகுகள் குழம்பியதால் முன்னது செப்டம்பர் 23 அன்று வளிமண்டலத்தில் அழிந்த கதை பலருக்கும் தெரியும். பின்னதன் கதை அந்த அளவுக்குப் பரவவில்லை என்றாலும் அதில்தான் பாடம் அதிகம். இறங்கும்போது கால்கள் விரிந்த அதிர்வைத் தரையைத் தொட்டதற்கான சமிக்ஞையாக மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்திலேயே எஞ்சினை அணைத்திருக்கக்கூடும் என்பது விசாரணையில் எட்டப்பட்ட முடிவு. கால்களை விரித்துப் பார்க்கும் சோதனை பூமியில் நடந்தது. அன்று உணரிகளின் மின்கம்பி இணைப்பு தவறாக இருந்ததால் அந்தப் பொய்ச் சமிக்ஞை வெளிப்படவில்லை. இணைப்பைச் சரிசெய்தார்கள், ஆனால் சோதனையைத் திரும்பச் செய்யவில்லை. அந்த இரு கலங்களுக்கும் ஒதுக்கப்பட்ட நிதி தேவையைவிடக் குறைந்தது 30 சதவீதம் போதாமல் இருந்தது என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வுக்குழு எழுதியது. திரும்பச் செய்யப்படாத அந்த ஒரு சோதனையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே வடிவில் அது இரண்டு முறை திரும்பி வந்தது.

முதல் முறை பெரெக்ரினில். பிட்ஸ்பர்க் நகரத்து ஆஸ்ட்ரோபாட்டிக் நிறுவனத்தின் அந்த லேண்டர் 2024 ஜனவரி 8 அன்று, வல்கன் ராக்கெட்டின் முதல் பயணத்திலேயே பழுதின்றி விண்ணில் சேர்ந்தது. நாசாவின் ஐந்து கருவிகளோடு மொத்தம் இருபது வாடிக்கையாளர் சுமைகள் அதில் இருந்தன. ஏவிய சில மணி நேரத்தில் எரிபொருள் கசியத் தொடங்கியது. உயரழுத்த ஹீலியத்தை அளந்து விடும் ஒரு வால்வு திறந்த பிறகு இறுக மூடிக்கொள்ளவில்லை, கட்டுப்பாடின்றிப் பாய்ந்த ஹீலியத்தின் அழுத்தம் தாங்காமல், எரிபொருள் எரிய உதவும் ஆக்சிஜனேற்றியின் தொட்டி வெடித்தது. ஏவுதலின் அதிர்வால் வால்வுக்குள் இருந்த திருகிணைப்பு தளர்ந்ததே காரணமாக இருக்கக்கூடும் என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அவ்வகை வால்வுகள் இரண்டு. தரைச் சோதனையில் ஒன்று கசிந்ததால் அது மாற்றப்பட்டது. மற்றது கலத்தின் உட்புறத்தில் பதிந்திருந்தது, அதை மாற்ற வேண்டுமானால் கலத்தைப் பெருமளவு பிரித்து, பின்னர் மீண்டும் சோதிக்க வேண்டியிருந்திருக்கும். அது தன் சோதனைகளில் தேறியும் இருந்தது. ஆகவே ஆபத்துப் பட்டியலில் குறித்துக்கொண்டு அப்படியே விட்டார்கள். விண்ணில் கைவிட்டது அந்த இரண்டாவது வால்வுதான். இதற்குப் பிறகு பத்து நாள் அந்தக் குழு கலத்தை உயிரோடு வைத்திருந்து, கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்து, இயன்ற தரவுகளை இறக்கி, ஜனவரி 18 அன்று தென் பசிபிக் கடலுக்கு மேலே எரியவிட்டது. அந்தப் பத்து நாள் உழைப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். தன் விசாரணை அறிக்கையை இவ்வளவு வெளிப்படையாக வெளியிட்டதையும் அப்படியே மதிக்கிறேன்.

இரண்டாவது முறை ஒடிசியஸில். இந்திய நேரப்படி 2024 பிப்ரவரி 23 அதிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னர், ஹூஸ்டனின் இன்ட்யூட்டிவ் மெஷின்ஸ் நிறுவனத்தின் அந்த லேண்டர் நிலவின் தென் பகுதியில் இறங்கியது. நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இறங்கியிருக்க வேண்டிய நேரம் கடந்த பின்பும் கட்டுப்பாட்டு அறையில் யாரும் கைதட்டாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த நிமிடங்கள் இன்னும் நினைவிருக்கின்றன. பிறகு மிக மங்கலான ஒரு சமிக்ஞை கிடைத்ததாக அறிவித்தார்கள். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 இறங்கியதற்குப் பின் நிலவில் மெல்ல இறங்கிய முதல் அமெரிக்கக் கலம் அது. உலகில் தனியார் நிறுவனம் ஒன்று நிலவில் மெல்ல இறக்கிய முதல் கலமும் அதுவே. ஒரு கால் முறிந்து சாய்ந்த நிலையில் பிப்ரவரி 29 வரை பேசிக்கொண்டிருந்தது.

சாய்ந்ததற்கான காரணத்தின் வேர் ஒரு சிறிய பாதுகாப்புச் சுவிட்சில் இருந்தது. உயரத்தை அளக்கும் லேசர்கள் தரையில் வேலை செய்பவர்களின் கண்ணைப் பாதிக்காதிருக்க, அவற்றை எரியவிடாமல் தடுக்கும் பூட்டு ஒன்று உண்டு. ஏவுவதற்கு முன் அதைக் கையால் விடுவிக்க வேண்டும். யாரும் விடுவிக்கவில்லை. நிலவைச் சுற்றத் தொடங்கிய பின், சுற்றுப்பாதை எதிர்பார்த்ததைவிடத் தாழ்ந்திருந்ததால் அதன் உயரத்தை அளந்து பார்க்க லேசர்களை முன்கூட்டியே இயக்கியபோதுதான் இது தெரியவந்தது. அந்தத் தற்செயல் நேராதிருந்தால் இறங்கும் நேரத்தில்தான் தெரிந்திருக்கும். பரிசோதனைக்காக நாசா அனுப்பிய வேறொரு லேசர் கருவி அதே கலத்தில் இருந்தது. அதன் அளவீடுகளைப் பயன்படுத்துமாறு மென்பொருளை அவசரமாகத் திருத்தி, ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றவிட்டு இறக்கினார்கள். அந்தத் திருத்தத்திலும் ஒரு சிறு குறியீடு விடுபட்டதால், வந்த அளவீடுகளைக் கலம் எடுத்துக்கொள்ளவில்லை என்பது பின்னர் தெரிந்தது. கேமராப் படங்களையும் தன் அசைவுணரிகளையும் மட்டுமே நம்பி இறங்கிய கலம், சாய்ந்தாலும் உயிரோடு இருந்தது அரிய செயல். ஆயினும் தரையிலேயே அந்த லேசர்களை உண்மையாக எரியவிட்டுப் பார்த்திருந்தால் இத்தனைக்கும் தேவை இருந்திருக்காது. அந்தச் சோதனைக்கு நேரமும் பணமும் அதிகம் ஆகும் என்பதால் தவிர்த்ததாகவும், அந்த ஆபத்தை அறிந்தே ஏற்றதாகவும் அந்நிறுவனத்தின் வழிநடத்தல் பிரிவுப் பொறுப்பாளரே ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் ஒப்புக்கொண்டார்.

துருவ லேண்டரின் கால், பெரெக்ரினின் வால்வு, ஒடிசியஸின் லேசர் ஆகிய மூன்றிலும் அறியாமை காரணம் இல்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் அங்கே இருந்தார்கள். முழுதாகக் கோத்து முடித்த கலத்தை மீண்டும் திறப்பதற்கோ, அது பறக்கப் போகும் அதே நிலையில் இயக்கிப் பார்ப்பதற்கோ ஆகும் செலவுதான் மூன்றிலும் கைவிடப்பட்டது. அந்தச் செலவு திட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வருகிறது. அப்போது கையிருப்பு கரைந்திருக்கும், ஏவுதள நாள் குறித்தாகியிருக்கும், ஊழியர்கள் களைத்திருப்பார்கள். நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்கு அந்த இடத்தில் கை இறுகுவது இயல்பு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்கும் கோலுக்கே செலவைக் குறைத்துவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

இதற்கு மாறாக 2025 மார்ச் 2 ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் பிற்பகல் இரண்டு மணி அளவில், டெக்சஸ் மாநிலத்து ஃபயர்ஃபிளை நிறுவனத்தின் புளூ கோஸ்ட் நிமிர்ந்து இறங்கியது. குறித்த இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் இறங்கி, வழியில் பாறையும் பள்ளமும் உள்ள இடங்களைத் தானாகவே விலக்கியும் கொண்டது. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமும் 3.5 மீட்டர் அகலமும் கொண்ட, கால் பரப்பி உட்கார்ந்த உருவம் அதற்கு உதவியது. நான்கு மீட்டர் உயரத்தில் நெடிது நின்ற ஒடிசியஸோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவு. கால்களைத் தரையில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததும், முழுக் கலத்தையும் கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் அதிர்வு, வெப்பம், வெற்றிடம் ஆகிய சோதனைகளுக்கு உட்படுத்தியதும் அந்த நிறுவனத்தின் திட்டத்தில் இருந்தன. ஏவிய பிறகும் அவசரப்படவில்லை. பூமியைச் சுற்றி 25 நாள், நிலவைச் சுற்றி 16 நாள் என்று நின்று நிதானித்து ஒவ்வொரு கருவியையும் இயக்கிப் பார்த்தபடியே 45 நாளில் இறங்கியது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். புளூ கோஸ்டுக்கு வாய்த்தது மரே கிரைசியம் என்ற பரந்த சமவெளி. ஒடிசியஸுக்கு வாய்த்தது தென் துருவத்தை ஒட்டிய மேடு பள்ளம். இரண்டையும் ஒரே மதிப்பெண் தாளில் வைக்க முடியாது.

அந்தப் பயணம் வாடிக்கையாளருக்கு என்ன தந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நிலவின் ஒரு பகற்காலம் முழுவதும், அதாவது 346 மணி நேரம் வெயிலிலும், சூரியன் மறைந்த பின் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் வேலை செய்து, 119 ஜிகாபைட் தரவுகளை அனுப்பியது. அவற்றில் 51 ஜிகாபைட் நேரடியாக அறிவியல், தொழில்நுட்பத் தரவுகள். நிலவின் உள்வெப்பத்தை அளக்கும் துளைப்பான் வாயுவைப் பீய்ச்சி மண்ணைத் தள்ளிக்கொண்டே சுமார் ஒரு மீட்டர் ஆழம் இறங்கியது. கண்ணாடிப் பரப்பில் படிந்த நிலவுத் தூசியை மின்புலத்தால் உதறித் தள்ளும் கருவி வேலை செய்து காட்டியது. நிலவுக்குப் போய்வந்த அப்பல்லோ வீரர்களைப் படாத பாடு படுத்தியது அந்தத் தூசி என்பதால், அந்தச் சிறிய கண்ணாடித் துண்டு சுத்தமாகும் படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இத்தாலிய விண்வெளி நிறுவனத்தின் கூட்டோடு அனுப்பிய ஏற்பி, நம் கைப்பேசிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். சமிக்ஞைகளையும் ஐரோப்பாவின் கலிலியோ சமிக்ஞைகளையும் நிலவின் தரையிலிருந்தே பிடித்துத் தன் இருப்பிடத்தைக் கணித்தது. இவை அனைத்துக்கும் சேர்த்து நாசா கொடுத்த கட்டணம் ஏறத்தாழ 10.1 கோடி டாலர்.

நான்கே நாள் கழித்து, மார்ச் 6 இரவு, இன்ட்யூட்டிவ் மெஷின்ஸின் இரண்டாவது கலமான அதீனா மான்ஸ் மூட்டன் மலைப்பகுதியில் இறங்கி, பள்ளம் ஒன்றுக்குள் பக்கவாட்டில் விழுந்தது. சூரிய மின்தகடுகளுக்கு வெயில் கிடைக்காமல் மறுநாளே பயணம் முடிந்தது. அது கொண்டுபோன நாசாவின் துளையிடும் கருவி படுத்த நிலையிலேயே தன் அசைவுகளைச் செய்து காட்டியது. மண்ணைத் தொடும் வாய்ப்பு அதற்குக் கிடைக்கவில்லை. நிறுவனம் கூறிய காரணங்களில் முதலாவது உயரமானியின் சமிக்ஞையில் ஏற்பட்ட இரைச்சலும் சிதைவும். துருவப் பகுதியின் சாய்ந்த வெளிச்சமும், பள்ளங்கள் படத்தில் வேறு உருவில் தெரிந்ததும் மற்ற காரணங்கள். அடுத்தடுத்த இரண்டு பயணங்களிலும் உயரத்தை அளப்பதிலேயே தடுக்கியிருப்பதை ஒரு வாடிக்கையாளர் எளிதாகக் கடந்துவிடக் கூடாது.

விலை விஷயத்தில், அறிவித்த விலையும் கொடுத்த விலையும் ஒன்றாக இல்லை. ஆஸ்ட்ரோபாட்டிக்குக்கு 2019 மே மாதம் 7.95 கோடி டாலர் என்று தொடங்கியது 10.8 கோடியில் முடிந்தது. இன்ட்யூட்டிவ் மெஷின்ஸுக்கு 7.7 கோடி 11.8 கோடியாகவும், ஃபயர்ஃபிளைக்கு 9.33 கோடி 10.1 கோடியாகவும் ஆயின. பெருந்தொற்றுக் காலமும், இறங்கும் இடத்தை நாசாவே மாற்றச் சொன்னதும் இந்த உயர்வில் பங்கு வகித்தன. 2021இல் போவதாக இருந்த முதல் கலங்கள் 2024இல்தான் கிளம்பின. தேர்வான நிறுவனங்களில் ஆர்பிட்பியாண்ட் ஒப்பந்தம் கிடைத்த இரண்டே மாதத்தில் விலகியது, மாஸ்டன் 2022இல் திவால் மனுக் கொடுத்தது. இவ்வளவு உயர்ந்த பின்பும், நாசா தானே ஒரு லேண்டரைக் கட்டியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய தொகையோடு வைத்துப் பார்த்தால் இது குறைவு என்பதில் எனக்கு ஐயமில்லை. நிறுவனங்கள் குறைவாகக் கேட்டு ஒப்பந்தம் பிடித்துப் பின் மூச்சுத் திணறுகின்றன என்பதிலும் ஐயமில்லை.

இந்தச் சேவையைப் பற்றிய என் கடுமையான விமர்சனம் நிறுவனங்கள் மீது அல்ல, வாடிக்கையாளர் மீது. நிலவின் தென் துருவத்தில் நூறு நாள் ஊர்ந்து, ஒரு மீட்டர் ஆழம் துளையிட்டு உறைபனியைத் தேட வேண்டிய வைப்பர் ரோவரை, 2020 ஜூனில் 19.95 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஆஸ்ட்ரோபாட்டிக்கின் கிரிஃபின் லேண்டரில் ஏற்ற நாசா முடிவு செய்தது. அப்போது அந்த நிறுவனம் நிலவுக்கு எதையும் அனுப்பியிருக்கவில்லை, கிரிஃபின் ஒரு முறையும் பறந்திருக்கவில்லை. பாதிக்குப் பாதி தோற்கலாம் என்று சொல்லித் தொடங்கிய வண்டியில், மறுபடி செய்ய முடியாத ஒரே பொருளை ஏற்றுவது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதற்குச் சமம். ஏற்றுகிறோம் என்று முடிவெடுத்த பின் வந்த கவலையில் லேண்டருக்குக் கூடுதல் சோதனைகள் கோரப்பட்டன, தேதி தள்ளிப்போனது, ரோவரின் செலவும் ஏறியது. ஏறத்தாழ 45 கோடி டாலர் செலவாகி, ரோவர் முழுதாகக் கோக்கப்பட்டுச் சோதனை அறைக்குப் போன நிலையில், 2024 ஜூலை 17 அன்று திட்டத்தைக் கைவிடுவதாக நாசா அறிவித்தது. முடிந்துவிட்ட ஒரு ரோவரைப் பிரித்து உதிரிகளாக்க யோசித்ததைப் படித்த நாள் எனக்குப் பெரும் மனவேதனை. அதைக் கட்டியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. நல்லவேளையாக 2025 செப்டம்பரில், புளூ ஆரிஜின் நிறுவனத்தின் புளூ மூன் லேண்டரில் வைப்பரை அனுப்ப 19 கோடி டாலர் வரையிலான புதிய ஒப்பந்தம் போடப்பட்டது. அவ்வகை லேண்டர் ஒன்று முதலில் இறங்கிக் காட்டிய பிறகே வைப்பரை ஏற்றுவது உறுதி செய்யப்படும் என்ற நிபந்தனை இம்முறை சேர்ந்திருக்கிறது. 2020இலேயே இருந்திருக்க வேண்டிய நிபந்தனை அது.

சரக்கும் வண்டியும் எப்படிப் பொருந்த வேண்டும் என்பதற்கு நாசாவிடமே அழகான உதாரணம் இருக்கிறது. லேசர் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும் சிறு கண்ணாடிகளின் தொகுப்பு ஒன்று. பிஸ்கட் அளவு, சுமார் 20 கிராம் எடை. மின்சாரம் வேண்டாம், பராமரிப்பு வேண்டாம். பெரெக்ரினில் ஒன்று, ஒடிசியஸில் ஒன்று, அதீனாவில் ஒன்று என்று பல வண்டிகளில் அதை ஏற்றிவிடுகிறார்கள். நம் சந்திரயான்-3இன் விக்ரமிலும் அது இருந்தது. விக்ரம் உறங்கிப் பல வாரங்கள் ஆன பின், 2023 டிசம்பரில், நிலவைச் சுற்றிவரும் நாசாவின் கலம் லேசரை அனுப்பியபோது அந்தச் சிறு கண்ணாடி பதில் ஒளி அனுப்பியது. வண்டி கவிழ்ந்தாலும் முதலுக்கு மோசமில்லாத சரக்கு என்றால் இதுதான். விரலுக்கேற்ற வீக்கம் என்பது இந்தத் துறையில் முதல் விதியாக இருக்க வேண்டும்.

விக்ரமைப் பற்றிப் பேச்சு வந்த இடத்தில், பலரும் கேட்கும் கேள்விக்கும் இடம் தர வேண்டும். சந்திரயான்-3இன் செலவு 615 கோடி ரூபாய், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 7.5 கோடி டாலர். ஒரு சி.எல்.பி.எஸ். பயணத்தின் கட்டணத்தைவிடக் குறைவு. இந்தியச் சம்பளமும் சொந்த ராக்கெட்டும் உள்ள கணக்கை அமெரிக்கச் சந்தை விலையோடு நேருக்கு நேர் வைப்பது சரியாகாது என்பதால், தொகையைவிட அது எப்படிச் செலவிடப்பட்டது என்பதில்தான் எனக்கு ஆர்வம். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் விக்ரம் மோதி அழிந்த பின், விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த குழு, எவையெல்லாம் தவறலாம் என்று பட்டியலிட்டு அவற்றுக்காகவே வடிவமைத்தது. 500 மீட்டருக்கு 500 மீட்டராக இருந்த இறங்கு பரப்பு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. கால்கள் வலுவாக்கப்பட்டன, எரிபொருள் கூட்டப்பட்டது, வேகத்தை அளக்கும் லேசர் கருவி புதிதாகச் சேர்ந்தது. உணரிகளை ஹெலிகாப்டரில் கட்டிப் பறக்கவிட்டும், எஞ்சின்களை எரியவிட்டபடி பளுதூக்கியில் தொங்கவிட்டும், கால்களைச் செயற்கை நிலவுத்தரையில் போட்டும் சோதித்தார்கள். அந்தச் செயற்கை மண்ணுக்கு நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைக்கும், நிலவுப் பாறையை ஒத்த அனார்த்தோசைட் பாறை பயன்பட்டது. ஒரு சுற்றுக்கலத்தைப் புதிதாகச் செய்யாமல் சந்திரயான்-2இன் சுற்றுக்கலத்தையே தகவல்தொடர்புக்குப் பயன்படுத்திக்கொண்டது சிக்கனம். சோதனைகளில் சிக்கனம் பார்க்கவில்லை. 2023 ஆகஸ்ட் 23 மாலை அதன் பலனை அனைவரும் கண்டோம்.

ஆகவே, இந்தச் சேவையை யாருக்குப் பரிந்துரைப்பேன்? பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்கள், புதிய கருவி ஒன்றை நிலவுத் தூசியிலும் வெற்றிடத்திலும் முதல் முறை இயக்கிப் பார்க்க விரும்பும் சிறு குழுக்கள், நிலவுக்குத் தாமாகப் போக வழியில்லாத நாடுகள் ஆகியோருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இதற்கு முன் இருந்ததில்லை. பெரெக்ரினில் மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகம் கைக்குள் அடங்கும் ஐந்து சிறு ரோபோக்களை ஏற்றியிருந்தது. கிலோவுக்கு 12 லட்சம் டாலர் என்று ஆஸ்ட்ரோபாட்டிக் வெளியிட்ட விலைப்பட்டியலை நான் முதலில் பார்த்தபோது, நிலவுக்கு ஒரு விலைப்பட்டியல் இருப்பதே எனக்கு வியப்பாக இருந்தது. கருவியை இரண்டாகச் செய்து, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மற்றதை அனுப்ப முடிந்தவர்கள் தயங்காமல் அனுப்பலாம். இதுவரை சென்ற கலங்களில் நிலவின் நீண்ட இரவைத் தாங்கும் ஏற்பாடு இல்லை என்பதால், ஏறத்தாழ பதினான்கு நாள் பகலுக்குள் முடியும் வேலையாக இருக்க வேண்டும். ஒரே பிரதியாக உள்ள, பத்தாண்டு உழைப்பு அடங்கிய கருவியை, இரண்டு முறையாவது நிமிர்ந்து இறங்கிக் காட்டாத கலத்தில் ஏற்ற வேண்டாம்.

ஏற்றுவதற்கு முன் நிறுவனத்திடம் விலையையும் தேதியையும் கேட்பதோடு இன்னொன்றையும் கேட்டுக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்வது நல்லது. பறக்கப் போகும் இதே கலத்தில், கடைசித் திருகும் முடுக்கப்பட்ட பின், உயரமானியை எரியவிட்டுப் பார்த்தீர்களா, வால்வைத் திறந்து மூடிப் பார்த்தீர்களா, எந்தத் தேதியில் பார்த்தீர்கள்? விசாரணை அறிக்கைக்குப் பிறகு ஆஸ்ட்ரோபாட்டிக் தன் கிரிஃபினில் அந்த ஹீலியம் வால்வின் வடிவத்தை மாற்றி, அது கைவிட்டாலும் அடைத்துக்கொள்ள இன்னொரு வால்வையும் துணைக்குச் சேர்த்திருக்கிறது. கிரிஃபின் கிளம்பும் நாளில் நான் முதலில் கவனிக்கப் போவது அந்தத் தொட்டியின் அழுத்த அளவைத்தான்.